வெள்ளிக்கிழமை வந்த விலைப்பட்டியல்

ரவுட்டர் வாங்கினால் முதல் வேலையாக அதன் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது. சிறு கடைக்காரர்கள், "எங்ககிட்ட திருட என்ன இருக்கு?" என்று சிரிப்பார்கள். திருடன் ஆள் பார்த்து வருவதில்லை, தெருவிலுள்ள எல்லாக் கதவையும் தள்ளிப் பார்த்து, எந்தக் கதவு திறக்கிறதோ அந்த வீட்டுக்குள் நுழைகிறான் என்று பொறுமையாகச் சொல்வேன். விளக்கிச் சொல்வது எனக்குப் பிடிக்கும்.

இருபத்திரண்டு இடங்களுக்கு நான்தான் நெட்வொர்க் அமைத்துக் கொடுத்தேன். அதில் ஒன்று பல் மருத்துவமனை. அங்கே வரவேற்பு மேசையில் என் அக்கா இருந்தாள். நாற்பத்து மூன்று வயதில் அவள் போன முதல் வேலை. நான் சொல்லித்தான் டாக்டர் சேர்த்துக்கொண்டார்.

சின்னக் கோளாறுக்கெல்லாம் நேரில் போக எனக்கு அலுப்பு. வீட்டிலிருந்தபடியே அந்தந்த இடத்துக் கணினிக்குள் நுழைய ஒரு வழி திறந்து வைத்திருந்தேன். இருபத்திரண்டு இடத்துக்கும் ஒரே கடவுச்சொல்.

ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு வருட எக்ஸ்ரே படங்களும் நோயாளிகளின் குறிப்புகளும் திறக்கவில்லை. யாரோ எல்லாவற்றையும் பூட்டிவிட்டுத் திரையில் பணம் கேட்டு மிரட்டல் எழுதியிருந்தார்கள். நகல் எடுத்த வட்டைக் கணினியிலிருந்து கழற்றித் தனியே வைக்க வேண்டும். நான் செருகியே விட்டிருந்தேன். அதுவும் போயிற்று.

யார் எப்போது நுழைந்தார்கள் என்று கணினி வரிவரியாகக் குறித்துவைக்கும். அருமையான ஏற்பாடு. ஞாயிறு மதியத்துக்கு ஒரு வரி இருந்தது: என் பெயரில், என் கடவுச்சொல்லில், நான் போயிராத ஓர் ஊரிலிருந்து. அந்த வரியை அழித்தேன்.

டாக்டர் பின்னால் வந்து நின்றார். "எப்படிப்பா உள்ள வந்தான்?"

"போன வாரம் தெரியாத மெயில் எதையாவது யாராச்சும் திறந்தீங்களா?" என்று பொதுவாகக் கேட்டேன்.

அக்கா வகுப்பில் போல் கை தூக்கினாள். "வெள்ளிக்கிழமை கையுறை விக்கிறவங்க விலைப்பட்டியல்னு ஒண்ணு வந்துச்சுடா. திறந்தேன். உள்ள விலைதான் இருந்துச்சு."

விலைதான் இருந்தது. அதை நான் ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருந்தேன்.

ஒரு தாளில் படம் வரைந்து அவளுக்கு விளக்கினேன்: மெயிலுக்குள் அவன் ஒளிந்து வந்தது, சத்தமில்லாமல் காத்திருந்தது, பிறகு பூட்டியது. அவளுக்குப் புரியும்வரை மூன்று முறை சொன்னேன்.

"அடேயப்பா, இப்படித்தானா! நல்லா சொல்லித் தர்றடா நீ" என்றாள். பிறகு டாக்டரிடம் திரும்பினாள். "என் மேலதான் சார் தப்பு. தம்பியை ஒண்ணும் சொல்லிடாதீங்க."

அன்று மாலையே அவளை அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. இப்போது கைபேசிக்கு ஒரு வாழ்த்துச் செய்தி வந்தாலும் என்னிடம் நீட்டுகிறாள்: "இதைத் தொடலாமாடா?" தொடலாம் என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை, தரையைப் பார்த்துச் சொல்கிறேன்.

ஆறு மாதம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவள் இந்த வாரம்தான் தேறியிருக்கிறாள். பக்கத்து வீட்டில் அந்த விலைப்பட்டியல் கதையைச் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தாளாம். இந்த நேரத்தில் போய் உண்மையைச் சொன்னால் அவள் உடைந்துபோவாள். கூடப் பிறந்தவளுக்கு அப்படி ஒரு கொடுமையைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.