நிஹாலுக்குக் கட்டிய சாப்பாடு

பேர்லேண்டில் என் வீட்டுக்கு வந்த யாரையும் நான் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. ரசியா பேகம் கையால் சாப்பிடாத தமிழ்க் கப்பல்காரன் ஹூஸ்டன் துறைமுகத்துக்கு வந்ததே இல்லை என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான், ஆபீசர்.

நிஹால் எண்ணெய்க் கப்பலில் இன்ஜினியர். கப்பல் வந்ததும் நானே ஃப்ரீவேயில் போய் அழைத்து வருவேன். கிளம்பும்போது சாப்பாடு கட்டிக் கொடுப்பேன். எத்தனை நாள் பயணம், எந்த வழி என்று கேட்காமல் எப்படிக் கட்டுவது? கிட்டத்துப் பயணம் என்றால் கறி வறுவல், தூரம் என்றால் இறால் பொடி.

ஹூஸ்டனில் இருக்கும் ஒரு வெளிநாட்டுத் துணைத்தூதரும் என் சமையலுக்காகத்தான் முதலில் வந்தார். அவர் நாடு போரில் இருந்தது. அமெரிக்கா எந்தப் பக்கமும் சேராததால், இரண்டு நாட்டுத் தூதர்களும் இங்கே விருந்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். அவர் நாட்டுக்கு வேலைக்குப் போன என் மகன் தாரிக் மட்டும் அங்கே மாட்டிக்கொண்டான். அவனை வெளியே விடும் அனுமதி தன் கையில்தான் இருக்கிறது என்றார் துணைத்தூதர். எதிரி நாட்டுக்கு எண்ணெய் ஏற்றிப் போகும் நிஹாலின் கப்பல் எந்த வழியில் போகிறது என்றும் அதே மூச்சில் கேட்டார்.

அடுத்த தடவை வந்தபோது நிஹால் கை கழுவிக்கொண்டே பேசினான்.

"இந்த வாட்டி இருபது நாள் ஆன்ட்டி. ரூட்டை மாத்திட்டாங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதாம். உங்ககிட்ட சொல்லலாம்ல?"

"எங்கிட்ட சொல்லாம வேற யார்கிட்டப்பா சொல்லுவே?"

எல்லாம் சொன்னான். சாப்பிட்டுவிட்டு சோபாவில் கண்ணயர்ந்தான். நான் இருபது நாளுக்கு இறால் பொடி இடித்து வைத்துவிட்டு, கராஜுக்குள் போய்த் துணைத்தூதருக்குப் போன் பண்ணினேன். பாதி வழியில் பார்த்துக்கொள்கிறோம் என்றார். கப்பலை மறித்துப் பிடிப்பார்கள், ஆட்களை விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

பாதி வழியில் கப்பலை ஏவுகணை அடித்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. அடுத்த வாரமே தாரிக் வீடு வந்து சேர்ந்தான்.

நாகூரிலிருந்து நிஹாலின் உம்மா போன் பண்ணினாள். "எம்புள்ள கடைசியா உங்க கைச்சோறுதான் தின்னான். அல்லா உங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான்" என்று அழுதாள். என் நெஞ்சு வெந்துபோனது. அதனால்தான் நீங்கள் தேடி வருமுன் நானே வந்தேன்.

அவன் சாகப்போவது நிஜமாகவே தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியாது, ஆபீசர். போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். இருபது நாளுக்கு இடித்து வைத்த பொடியில் பாதியை மட்டும் கட்டினேன். மீதியை, தாரிக் வந்தால் சாப்பிடுவான் என்று எடுத்து வைத்தேன்.