"மாற்றம் ஒன்றும் இல்லை, டாக்டர்"

டாக்டரம்மா, சட்டையில் கஷ்டமான இடம் காலர்தான். கையும் பையும் பழகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டே தைக்கலாம். காலரில் ஒரு நூல் பிசகினாலும் தெரிந்துவிடும். வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் என் அப்பாவுக்குத் தெரியும். தையற்கடை அவர் ஆரம்பித்தது. முப்பது வருஷம் இருவரும் எதிரெதிர் மெஷினில் உட்கார்ந்து தைத்தோம். அத்தனை வருஷத்தில் 'பரவாயில்லை' என்றுகூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். தருகிறேன். மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது.

மறதி வந்ததும் அப்பா முதலில் தெருவை மறந்தார், பிறகு தொழிலை, கடைசியில் என்னை. என்னை மறந்த அன்று காலையில் உள்ளறையிலிருந்து கடைக்கு வந்து, வெட்டும் மேஜைக்கு முன்னால் கை கட்டி நின்றார்.

"சார், ஒரு சட்டை தைக்கணும். அவசரமில்லை, உங்களுக்குத் தோதுப்படறப்ப கொடுங்க."

டேப்பை எடுத்து அளவெடுத்தேன். வேறென்ன செய்ய. மறுநாளும் வந்தார். மேஜையில் கிடந்த சட்டையைத் தடவிப் பார்த்து, "என்ன நேர்த்தி சார்! இப்படித் தைக்கிற ஆளு இப்ப எங்க இருக்காங்க?" என்றார். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தினமும் வந்தார், தினமும் அளவெடுத்தேன்.

அப்போதுதான் நீங்கள் ஞாபகத்துக்கு அந்த மாத்திரையைச் சொன்னீர்கள். எல்லாருக்கும் கேட்காது, மூன்று மாதம் பார்ப்போம், பலன் இல்லையென்றால் விட்டுவிடலாம் என்றீர்கள். பலன் தெரிந்தால் மட்டும் நிறுத்தவே கூடாது, அப்புறம் போனது திரும்பாமலே போகலாம் என்றும் சொன்னீர்கள். வேளை தவறாமல் கொடுத்தேன். அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

ஆறாவது வாரம் பலன் தெரிந்தது. மேஜைக்கு முன்னால் வந்து நின்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலராடா இது? கோணவாய் மாதிரி இருக்கு. முப்பது வருஷமா உன்னோட மாரடிக்கிறேன், தடிப்பயலே."

வெளிநாட்டில் இருக்கும் தங்கையிடம் போனில், "குட்டிம்மா, சாப்பிட்டியா? எப்ப வர்ற?" என்றார். அவள் அழுதுகொண்டே இரண்டு மாதம் தள்ளி டிக்கெட் போட்டாள். அவளுக்குக் குட்டிம்மா, எனக்குத் தடிப்பயல். காலை முதல் சாயங்காலம் வரை கரித்துக்கொட்டினார்.

ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நடுவுல எங்கயோ போயிட்டு வந்த மாதிரி இருக்குடா. பயமா இருக்கு. மறுபடி போக விட்டுடாதே." சரிப்பா என்றேன். சொன்ன கையோடு, "இந்தப் பட்டன் காஜாவை எந்தக் கழுதை போட்டது?" என்றார்.

மூன்று மாதம் முடிந்து உங்களிடம் வந்தேன். அவருக்குச் சளி என்று சொல்லி, நான் மட்டும் வந்தேன்.

"ஏதாவது மாற்றம் தெரியுதா?" என்று கேட்டீர்கள்.

"மாற்றம் ஒன்னும் இல்லை, டாக்டர்."

"அப்ப எதுக்கு வயசானவரைப் போட்டுப் படுத்தணும்? நிறுத்திடுங்க."

நிறுத்தச் சொன்னது நீங்கள். நான் உங்கள் பேச்சைத் தட்டவில்லை.

தங்கை வந்து இறங்கியபோது அப்பா பழையபடி மரியாதைக்காரராகிவிட்டார். எழுந்து அவளுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார். "இந்தம்மா ரொம்ப நேரமா நிக்கிறாங்க சார். முதல்ல அவங்களைக் கவனிங்க." அவள் விக்கி விக்கி அழுதாள். நான்தான் தண்ணீர் கொடுத்துத் தேற்றினேன். அப்பா முன்பு போனில் பேசியதையெல்லாம் அவள் செல்போனிலேயே பதிந்து வைத்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அதைத்தான் உங்களிடம் கொண்டுவந்து போட்டுக் காட்டியிருக்கிறாள்.

அதே மாத்திரையை நீங்கள் மறுபடி ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. இனிக் கேட்காது என்கிறீர்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் அப்பா ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறார். தைத்துக் கொடுத்த சட்டைகளே பதினொன்று.

நேற்று தோளை அளந்துகொண்டிருந்தபோது, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல் குனிந்து சொன்னார்: "எனக்கும் ஒரு பையன் இருந்தான் சார். உங்க கால் தூசிக்கு வரமாட்டான். உங்களைப் பெத்தவர் கொடுத்து வச்சவர்."

நீங்களே சொல்லுங்கள் டாக்டரம்மா, பெற்ற தகப்பன் வாயால் இப்படியொரு பேர் எந்த மகனுக்குக் கிடைக்கும்?