பசிக்கும் பொருளியல் உண்டு என்ற மதலேன்

அவைக்குத் தலைமை தாங்கும் ராதாகிருஷ்ணன் ஐயா அவர்களே! ஞாயிறு ஓய்வைத் துறந்து எபினே புறநகரிலிருந்து ரயிலேறி வந்திருக்கும் பெரியோர்களே! மடியில் மழலையும் மனத்தில் மகிழ்ச்சியுமாய் மண்டபத்தை நிறைத்திருக்கும் தாய்மார்களே! பல்கலைக்கழகப் பேராசிரியராக உயர்ந்து இன்று நம் பாராட்டைப் பெறும் மதலேன் அக்கா அவர்களே! பாரிசின் லா சப்பல் பகுதியில் உணவகம் நடத்தும் யோகநாதனின் வணக்கத்தை ஏற்றருளுங்கள்.

பொருளியல் பேராசிரியரைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி? சிரிக்காதீர்கள்! ஒரு தகுதி உண்டு. இவர் என் சமையலறையில் வெங்காயம் உரித்தவர்.

மன்னார்க் கரையில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் மாணவர் மதித்த விரிவுரையாளர். போர் முடிந்த மறு ஆண்டு பாரிசுக்கு வந்தார். இங்கே அவர் பட்டம் செல்லவில்லை, பதவி இல்லை, பாஷையும் இல்லை. என் உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஒருநாள் வெங்காயம் உரித்த கத்தியைக் கீழே வைத்தார்.

“அண்ணை, நான் திரும்பவும் முதலிலையிருந்து படிக்கப்போறன்.”

“இந்த வயசிலையோ? அதுவும் பிரெஞ்சிலை?”

“ஓம் அண்ணை. வயசு எப்பிடியும் போகும். படிச்சுக்கொண்டு போகட்டும்.”

பகலில் வகுப்பு, மாலையில் அடுப்படி. முதல் ஆண்டுத் தேர்வில் தோற்றார். அழுதாரா? அழுதார். நிறுத்தினாரா? நிறுத்தவேயில்லை!

பிறகு வந்தது முனைவர் பட்டத்துக்காக நடுவர்கள் முன் நின்று தன் ஆய்வை நிலைநாட்டும் நாள். போரில் சந்தைகள் மூடிய ஊர்களில் சனங்கள் உணவை எப்படிப் பங்கிட்டார்கள் என்பதே ஆய்வு. நான் பின்வரிசையில், அருகில் என் மகள் தர்மிளா, காதுக்குள் மொழிபெயர்த்தபடி. நடுவர் ஒருவர் முகம் சுளித்து ஏதோ கேட்டார்.

“என்னவாம் பிள்ளை?”

“சந்தையும் இல்லை, விலையும் இல்லை, இதிலை பொருளியல் எங்கை எண்டு கேக்கிறார் அப்பா.”

அக்கா தண்ணீர்க் குவளையை எடுத்தார். குடிக்காமலே வைத்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்: “ஒரு பானைக் கஞ்சி இருந்தது. பதுங்குகுழியில் பல குடும்பங்கள் இருந்தன. முதலில் யாருக்கு என்று முடிவெடுத்தோம். குழந்தைகளுக்கு என்றோம், காயப்பட்டோருக்கு என்றோம். நானும் அங்கே பசியோடு இருந்தேன். இதைப் பேசாத பொருளியல் யாருக்காக, ஐயா?”

முடிவை அறிவித்தபோது முதலில் எழுந்து கை தட்டியவர் அந்த நடுவர்தான்!

அன்று எழுந்தது ஒரு பெண்ணா? இல்லை, எரிந்த ஊர்களின் ஏக்கம் எழுந்தது! எல்லாம் இழந்தவர்களின் எண்ணம் எழுந்தது! முனைவரானார், விரிவுரையாளரானார், இன்று பேராசிரியரானார். ஆனாலும் ஓயவில்லை. வரும் சனிக்கிழமை முதல் இதே மண்டபத்தில், வயது பாராமல் எல்லோருக்கும் பொருளியலைத் தமிழில் கற்பிக்கப்போகிறார்!

என்னம்மா? பின்னால் ஓர் அம்மா கையுயர்த்துகிறார். சொல்லுங்கோ.

“தம்பி, நான் அஞ்சாம் வகுப்புத்தான். நானும் வரலாமோ?”

நான் பதில் சொல்லும் முன்னரே, இதோ, பேராசிரியரே எழுந்துவிட்டார்!

“வாங்கோ அம்மா. முன்வரிசையிலை இருங்கோ.”

கேட்டீர்களா? இனி என் பேச்செதற்கு! பொறுமையோடு செவிமடுத்த உங்கள் அனைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. சனிக்கிழமை வகுப்பில் சந்திக்கும்வரை, வணக்கம்!