முன்யோசனைக்காரர்

— கதவத் தெறக்கலைன்னாலும் பரவாயில்லைங்க. அந்த ஜன்னல்ல வெளிப்பக்கமா ஒட்டுன டேப்பையாச்சும் பிச்சு உடுங்க. மூச்சு முட்டுது.

— கம்முனு படு சுகுணா. டேப்ப பிச்சா நீ இருமறது வெளிய கேக்கும். எதுத்த வூட்டு சாலம்மா காலைல இருந்து வாசப்படிய உட்டு நவுரல. அது காதுல உழுந்தா சாயந்திரத்துக்குள்ள கம்பைநல்லூரு பூரா தெரிஞ்சிரும்.

— தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது. கொரோனா வந்தவங்கள ஆஸ்பத்திரிக்குத்தான கூட்டிட்டுப் போறாங்க? கொன்னா போடறாங்க?

— அந்தப் பேர வாயில எடுக்காதன்னு எத்தன வாட்டி சொல்றது? இந்த வூட்டுக்குள்ள அந்தப் பேரு வரக்கூடாது. காய்ச்சல்னு சொல்லு.

— காய்ச்சலே இல்லைங்க எனக்கு. ஒடம்பு சில்லுன்னு கெடக்குது. தலைதான் பொளக்குது. எது குடிச்சாலும் வாந்தி. நெஞ்ச யாரோ கயிறு போட்டு இறுக்கறாப்பல இருக்குது.

— அதுவும் அதுதான். டிவில சொன்னான். ஒருத்தருக்கு வர்ற மாதிரி இன்னொருத்தருக்கு வராதாம்.

— முந்தாநாளு பின்னாடி போயி வேப்பமரத்தடியில செத்த ஒக்காந்திருந்தன். எல்லாம் தெளிஞ்சு, பசி கூட எடுத்துச்சு. திரும்பி இந்த ரூமுக்குள்ள வந்து படுத்தன், அவ்வளவுதான், மறுபடியும் புடிச்சிக்கிச்சு.

— வெயில்ல கிருமி செத்திரும். நெழல்ல பொழச்சிக்கும். இது கூடவா தெரியாது?

— அப்ப என்னை வெயில்லயே ஒக்கார உடுங்களேன். எதுக்கு வெளித்தாப்பா போட்டீங்க?

— நீ அங்க ஒக்காந்திருந்தத பக்கத்து வூட்டு மாது பாத்துட்டான். உங்க வூட்டம்மா மூஞ்சி ஏன் வெளுத்துக் கெடக்குதுன்னு கேக்கறான். நான் வயித்துவலின்னு சொல்லிச் சமாளிச்சன். தெனமும் ஒருத்தன் கேட்டா தெனமும் ஒரு வலி சொல்ல முடியுமா?

— ஏங்க, நூத்தியெட்டுக்கு ஒரு போன் போடுங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடறன்.

— போட்டா என்ன ஆவும்னு தெரியுமா உனக்கு? விண்வெளிக்குப் போறவனாட்டம் டிரஸ்ஸு போட்டுக்கிட்டு வருவானுங்க. வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டுவானுங்க. தெருவ தகரம் வெச்சு அடைப்பானுங்க. அப்புறம் மருந்தடிக்கறன்னு ஒவ்வொரு ரூமா தெறப்பானுங்க. பின் ரூம தெறந்தா?

— தெறக்கட்டுமே.

— தெறக்கட்டுமேவா? உள்ள என்ன இருக்குதுன்னு மறந்துட்டியா?

— எப்படிங்க மறப்பன்? அரிசி, பருப்பு, சக்கரை, எண்ண டின்னு, சோப்பு, தீப்பெட்டி வரைக்கும். ஆளு நொழைய எடமில்லாத அளவுக்கு அடுக்கி வெச்சிருக்கீங்க. ஊர அடைக்கப் போறாங்கன்னு சொன்ன அன்னைக்கு, பாய் கடை முன்னாடி சனம் ஒண்ணு மேல ஒண்ணு உழுந்து அடிச்சுக்குது. வீரமணி பொண்டாட்டி கைப்புள்ளையோட நின்னு அழுவறா. நீங்க டெம்போவ கடைக்குப் பின்பக்கமா உட்டு மூட்டை ஏத்துனீங்க.

— அதுக்குப் பேருதான் முன்யோசனை. இத்தாலியில சனம் எப்படி சாவுதுன்னு வாட்ஸப்புல பாத்தில்ல? ஒரு வருசம் கடையே தெறக்காதுன்னு சொன்னாங்க. வூட்டு ஆம்பளைக்கு முன்யோசனை வேணும்.

— ஆமாங்க, ஆமா. சாலம்மா ஒரு ஒழக்கு அரிசி கேட்டு வந்தப்ப, காலி டப்பாவ தெறந்து காட்டுனீங்களே, அதுவும் முன்யோசனைதான். காட்டறதுக்குன்னே அந்த டப்பாவ அடுப்படில வெச்சிருக்கீங்க. அந்தம்மா என்ன சொல்லுச்சு? ஐயோ, உங்களுக்கே இல்லியான்னு சொல்லிட்டு, அது வூட்டு முருங்கைக்கீரைய ஒடிச்சுக் குடுத்துட்டுப் போச்சு. அன்னைக்கு அந்தக் கீரை எனக்கு எறங்கலைங்க.

— எனக்கு எறங்குச்சு. ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு தெருவே வந்து நிக்கும். கேசு போடறானுங்க பதுக்குனா. பேப்பர்ல போட்டோ போடறானுங்க.

— அப்ப எந் நோவுக்குப் பயந்து நீங்க கதவ அடைக்கல. மூட்டைக்குப் பயந்துதான் அடைச்சிருக்கீங்க.

— ஏதாச்சும் பேசாத. தெனமும் வெந்தண்ணி வெச்சுத் தரலியா? கதவுக்குக் கீழ கஞ்சி தள்ளி உடலியா? உன்னைக் காப்பாத்தத்தான் இவ்வளவும் செய்யறன்.

— என் போனக் குடுங்க. ஏரியூருக்குப் பேசணும். பாப்பா காவியா எங்கம்மா வூட்டுல என்ன பண்ணுதோ. பஸ்ஸு நின்னதுல இருந்து அது மொகத்தப் பாக்கல.

— போனக் குடுத்தா அழுவ. அழுதா உங்கம்மா கேக்கும். உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா பென்னாகரம் தாலுக்கா முழுக்க தெரியும்.

— அழ மாட்டங்க. சத்தியமா. அது சாப்டுச்சான்னு மட்டும் கேட்டுட்டு வெச்சிடறன்.

— நாளைக்குப் பாக்கலாம். படு.

— எப்படிப் படுக்கறது? இந்த நாத்தம் வேற. அழுகின பூண்டாட்டம் ராவும் பகலும் கொமட்டுது.

— நாத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெளித்திண்ணைல படுக்கற எனக்கு அடிக்கலியே. அது வந்தா மூக்கு கெட்டுப்போவுமாம். அதையும் சொன்னான்.

— மூக்கு கெட்டா ஒண்ணும் தெரியாதுன்னுதான சொன்னான்? எனக்குத் தெரியுதே.

— உனக்கு எதுதான் நேரா வந்திருக்குது?

— மேல ஓட்டுல இருந்து பல்லி உழுவுதுங்க. உழுந்தது அப்படியே செத்துக் கெடக்குது. இப்ப கூட தலைமாட்டுல ஒண்ணு உழுந்துச்சு.

— பல்லிக்குமா வந்துருச்சு? நல்ல கதைதான் போ.

— சிரிக்காதீங்க. எனக்கு பயமா இருக்குது. கண்ணு மங்கலாட்டம்...

— இரு. கதவத் தட்டறாங்க. மூச்சு காட்டாத. யாரது?

— மாதவராஜு, நான்தானுங்க. மளிகைக்கடை நசீருதீன்.

— பாயா! அங்கயே நில்லுங்க பாய், படிக்குக் கீழயே. தப்பா நெனச்சுக்காதீங்க, காலம் அப்படி இருக்குது.

— ஏறலைங்க. எங்க ஆளுங்கதான் நோவப் பரப்பறாங்கன்னு குரூப்புல வந்துதுல்ல, அதுல இருந்து நானா யாரு வூட்டுப் படியும் ஏறறதில்ல. அந்த மெசேஜ நம்ம தெரு குரூப்புக்கு அனுப்புனது நீங்கதான்னு எம் பொண்டாட்டி வஹிதா காட்டுனா. நல்லதுங்க.

— அது பார்வர்டு பாய். வந்தது அப்படியே போயிருச்சு. உங்களச் சொன்னனா நான்? நம்ம பழக்கம் என்ன?

— பழக்கத்துக்கோசரம்தான் வந்திருக்கறன், பாத்துக்குங்க. நீங்க எடுத்துட்டுப் போன அரிசில ரெண்டு மூட்ட திருப்பிக் குடுங்க. செங்கல் சூளையில வேல செய்யற வடக்கத்தி ஆளுங்க குழந்த குட்டியோட கடை வாசல்ல வந்து நிக்கறாங்க. அவங்களுக்கு ரேஷன் கார்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. சேலத்துல இருந்து லாரி வர மாட்டேங்குது.

— அரிசியா? என்கிட்ட ஏது பாய்? அன்னைக்கே சொந்தக்காரங்களுக்குப் பிரிச்சு உட்டாச்சு. வேணும்னா வாங்க, டப்பாவ வந்து பாருங்க, ஒரு பிடி இல்ல.

— டெம்போ நெறைய ஏத்துனனுங்களே.

— எங்க சொந்தம் பெருசுங்க.

— சரிங்க. என்னையும் சொல்லணும். முன்னாடி சனம் கத்திக்கிட்டு நிக்குது, நான் பின்னாடி உங்களுக்குத் தூக்கி உட்டன். அதுக்குத்தான் இப்ப அந்தப் புள்ளைங்க மூஞ்சியப் பாக்க முடியாம தெருத்தெருவா சுத்தறன். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறன். ஒரு வேளை எங்காச்சும் மூட்ட இருந்துச்சுன்னா, இந்த வெயிலுக்கு வண்டு உழுந்து கெட்டுப்போயிரும். உங்களுக்கும் ஆவாது, ஊருக்கும் ஆவாது.

— வண்டா? ஒரு வண்டு அண்டாது பாய். என்னை என்னன்னு நெனச்சீங்க? நீங்க குடுத்த வண்டு மாத்திரைய டப்பாவோட மூட்டைங்களுக்கு நடுவுல கொட்டி...

— அப்ப மூட்ட இருக்குது.

— ...இருக்குதுன்னே வெச்சுக்குங்க. எம் பொருளு, நான் வெச்சிருக்கறன்.

— அது கெடக்குது. மாத்திரைய டப்பாவோட கொட்டுனீங்களா? எங்க கொட்டுனீங்க?

— எங்க கொட்டுவாங்க? பின் ரூம்லதான்.

— வூட்டுக்குள்ளயா? அது குடோனுக்கு உண்டானது, வூட்டுல வேண்டாம், தோட்டத்து ஷெட்டுல வெய்யுங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னனா இல்லியா?

— தோட்டத்துல வெச்சா நாலு பேரு கண்ணுல படும். அதெல்லாம் பக்குவமாத்தான் செஞ்சிருக்கறன். ரூமுக் கதவுக்கு சுத்தியும் டேப்பு ஒட்டிட்டன். ஒரு பொட்டு வெளிய வராது.

— மேல தளம் போட்ட ரூமா?

— எங்கப்பா கட்டுன ஓட்டு வூடு பாய் இது. நீங்க பாத்ததில்லியா?

— நடுச்செவுரு ஓடு வரைக்கும் எழுப்பியிருக்குதா?

— எந்த ஓட்டு வூட்டுல எழுப்பறாங்க? ஆளு ஒசரத்துக்கு மேல ரூமுக்கு ரூம் தெறந்துதான் கெடக்கும். இந்த ரூம்ல பேசுனா அந்த ரூம்ல கேக்கும்.

— அந்தப் பக்கத்து ரூம்ல யாரு படுக்கறா?

— யாரும்... யாரும் படுக்கறதில்ல.

— பாய்... நசீர் பாயிங்களா...

— தங்கச்சி சத்தமா அது? மாதவராஜு, தங்கச்சி எங்க இருக்குது?

— பாய், கதவத் தெறக்கச் சொல்லுங்க. பூண்டு நாத்தம் தாங்க முடியல. பல்லிங்கல்லாம் செத்துச் செத்து உழுவுது. நான் எங்க காவியாகிட்ட ஒரு வாட்டி...

— யா அல்லா. அந்தக் கதவா? வெளித்தாப்பாவா போட்டிருக்கீங்க?

— பாய், படியேறாதீங்க! கிட்டப் போவாதீங்க, அவளுக்கு... அவளுக்கு அது வந்திருக்குது.

— எதுவும் வரல. உங்க மாத்திரதான் வந்திருக்குது. அது காத்துபட்டா வெஷப்பொகைங்க! வண்டா, பல்லியா, பொம்பளையான்னு பாக்காது. அந்த ரூம்ல கெளம்பி, செவுத்துக்கு மேல ஏறி, இந்த ரூம்ல எறங்கியிருக்குது. நீங்க ஜன்னலயும் சேத்து அடைச்சு வெச்சிருக்கீங்க.

— என்ன பாய் சொல்றீங்க? வாந்தி, தலைவலி, நெஞ்சு... எல்லாம் டிவில சொன்னதுதான. நான் அவளக் காப்பாத்தத்தான்...

— தள்ளுங்க. துண்ட மூக்குல கட்டுங்க. வாசக்கதவு, பின்கதவு ரெண்டையும் விரியத் தெறங்க. தங்கச்சி! தங்கச்சி, கேக்குதா?

— சுகுணா. ஏ சுகுணா. பேசு. இப்பத்தான பேசுன?

— நிக்காதீங்க, காலப் புடிங்க. மெதுவா. வேப்பமரத்தடிக்கு. தலைய இடிக்காம கொண்டாங்க.

— கண்ணு தெறக்க மாட்டேங்குது பாய். அவ கை வெறைச்சுக் கெடக்குது.

— மூச்சு இருக்குது. சன்னமா இருக்குது. சேலைய தளத்தி உடுங்க, காத்து படட்டும்.

— பாய், சாலம்மா பாக்குது. மாதுவும் வந்துட்டான்.

— பாக்கட்டும். போன எடுங்க, நூத்தியெட்டுக்குப் போடுங்க. கேட்டுக்குங்க, நடந்தத நடந்தபடி சொல்லணும். வண்டு மாத்திரைப் பொகைல கெடந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் அதுக்கு உண்டான வைத்தியம் உடனே பாப்பாங்க. மாத்திச் சொன்னா அந்த நோவுக்காரங்க வார்டுல கொண்டுபோயிப் போட்டுட்டு டெஸ்ட்டு வரட்டும்னு காத்திருப்பாங்க. அதுவரைக்கும் தங்கச்சி தாங்காது.

— மாத்திரைன்னு சொன்னா, எதுக்கு மாத்திரைன்னு கேப்பாங்களே பாய்.

— கேப்பாங்க. சொல்லுங்க.

— மருந்தடிக்கறவனாச்சும் நாளைக்குத்தான் வருவான், இதச் சொன்னா இப்பவே மூட்டைய வந்து பாப்பாங்க. போலீசு வரும். நானே அவள அடைச்சு வெச்சன்னு...

— மாதவராஜு, உங்க புள்ளைக்கு ஆத்தா வேணுமா வேண்டாமா? ரிங் போவுது, பேசுங்க. நான் தண்ணி கொண்டாரன்.

— அலோ... ஆமாங்க, கம்பைநல்லூருங்க. எம் பொண்டாட்டிங்க. மூச்சு இழுக்குதுங்க, சீக்கிரம் வாங்க... என்னதுங்க? எதனாலன்னா கேக்கறீங்க? கொரோனாங்க. ஆமாங்க, கொரோனாதானுங்க.