மேஜை வட்டமா, நீட்டமா?

ரயில் பொன்னேரி தாண்டியதும் என் எதிரே இருந்தவர் பேப்பரைப் பார்த்துச் சிரித்தார்.

"சண்டைய நிறுத்தணும்னு அமெரிக்காக்காரனும் வியட்நாம்காரனும் பாரீஸுக்குப் போனாங்கோ இல்ல? இன்னும் பேச்சே ஆரம்பிக்கல. போடற மேஜை வட்டமா, நீட்டமான்னு தகராறு!"

"அங்க குண்டு விழுந்துக்கினு இருக்குது, இவனுங்களுக்கு மேஜையா முக்கியம்?" என்றார் பக்கத்திலிருந்த துண்டுக்காரர்.

"நாம மட்டும் இன்னாவாம்? எம்பொண்ணுக்கும் உங்க புள்ளைக்கும் நிச்சயம் எங்க ஊட்லயா, உங்க ஊட்லயான்னு தீபாவளிலேர்ந்து இழுத்துக்கினு இருக்கோம்."

"அது எங்க பக்கத்து வழக்கம் நைனா."

"அவனுங்களும் அதத்தான் சொல்லுவானுங்கோ."

பெட்டியே சிரித்தது. துண்டுக்காரர் மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்தார்.

"ரயிலு யாரு ஊடும் இல்ல. இங்கியே மாத்திக்கலாம்."

"தட்டு?"

"அந்தப் பேப்பர நீட்டுங்க."

மேஜைச் செய்தியின் மேலேயே தாம்பூலம் கை மாறியது. பெண்ணின் அப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

"அப்ப சம்பந்தி, கல்யாணம் எங்க ஊட்லதானே?"

"அத பேசணும்னா நாம எறங்கற எடம் தாண்டி கூடூர் வரைக்கும் டிக்கெட் எடுக்கணும்!"