பச்சையை அழுத்திய விரல்

புதிதாக உருவான இயந்திர அறிவை அரங்கில் காட்டும்போது, அதற்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்பதில்லை. எங்கள் துறையில் இதை யாரும் எழுதிவைத்ததில்லை. ஆனால் அதிகாரிகள், பேராசிரியர்கள், நிருபர்கள் என எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள். வேலையின் எதிர்காலம் குறித்துப் பதினோர் ஆண்டுகளாகக் கொள்கை அறிக்கைகள் எழுதிவரும் நானும் கடைப்பிடித்தேன். நல்ல பழக்கம்தான். தேநீர் ஆறுவதற்குள் கூட்டம் முடிந்துவிடும்.

விசாரணை அதிகாரியான நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். என் பெயர் உமையாள். பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருக்கிறேன். துறைமுக நகரமான கிள்ளானில் நடந்த பயிற்சித் திட்டத்தை வகுத்தது நான்.

கிள்ளானின் பண்டமாரான் பகுதியில் உள்ள அந்தக் கிடங்கில், கப்பலில் திரும்பி வரும் சரக்குக் கொள்கலன்களைச் சோதிக்க நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். கதவைத் திறந்து உள்ளே போய், தரைப்பலகையைக் குதிகாலால் மிதித்துப் பார்த்து, போகலாம் என்றோ கூடாது என்றோ சீட்டில் எழுதுவார்கள். அந்த வேலையைக் கேமராவிடம் ஒப்படைக்க நிர்வாகம் முடிவு செய்திருந்தது. அவர்களை வெறுங்கையோடு அனுப்பாமல் மறுபயிற்சி தரலாம் என்று பரிந்துரைத்தவள் நான். அந்தப் பரிந்துரைக்காக என்னைப் பாராட்டினார்கள்.

ஆறு மாத வகுப்பு. ஒவ்வொருவர் கையிலும் ஒரு டேப்லட். அதில் கொள்கலனின் உட்புறப் படம் வரும். நல்லதென்றால் பச்சை, பழுதென்றால் சிவப்பு. தாங்கள் கணினி கற்பதாக அவர்கள் நினைத்தார்கள். கணினி அவர்களிடம் கற்றுக்கொண்டிருந்தது. இதை நான் மறைக்கவில்லை. ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது.

வகுப்பில் மூத்தவர் அம்புரோஸ். இருபத்தாறு ஆண்டு அனுபவம். அவருடைய விடைகளையே சரியான விடைகளாக வைத்து மற்றவர்களுடையதைத் திருத்தினோம். ஐந்தாம் மாதம் ஒரு நாள் இடைவேளையில் அவர் டேப்லட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மேடம், பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவுல ஒண்ணும் இல்லையா?"

"இல்ல அங்கிள். ஏன்?"

"இந்தப் பலகை ஓரம் கறுத்திருக்கு பாருங்க. லோரி வரிசையா நிக்கிற நாள்ல இத நாங்க வேணாம்னு தள்ள மாட்டோம். சீட்டுல ஓக்கே போட்டுட்டு, சரக்கு ஏத்துற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற யுவராஜ கூப்பிட்டு, 'டேய், உள்ள மெதுவா ஏறு, வலது பக்கம் போகாத'ன்னு வாயால சொல்லிடுவோம். அவனும் ரெண்டு கெட்ட வார்த்த சொல்லிட்டு மெதுவா ஏறுவான். இங்க நான் பச்சை அமுத்தினா, இந்த மெஷின் அவன்கிட்ட சொல்லுமா லா?"

"எல்லாத்தையும் பாத்துக்கலாம் அங்கிள்," என்றேன்.

அவர் சொன்னதை அன்றே குறிப்பேட்டில் எழுதினேன். அதன் பொருள் எனக்குப் புரியாமல் இல்லை. அந்தக் கிடங்கில் பாதுகாப்பின் பாதி சீட்டில் இருந்தது; மறுபாதி வாய்ச்சொல்லில் இருந்தது. நாங்கள் சீட்டை மட்டும் இயந்திரத்துக்கு ஊட்டிக்கொண்டிருந்தோம். பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே ஒன்றைச் சேர்த்து எல்லாப் படங்களையும் மீண்டும் குறிக்க நான்கு மாதம் ஆகும். அறிமுக விழாவுக்கு ஏழு வாரமே இருந்தது, அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. நான் குறிப்பேட்டை மூடினேன். வரம்புக்குட்பட்ட தரவுகளோடுதான் எல்லா ஆய்வும் நடக்கிறது.

விழா சிறப்பாக நடந்தது. நாற்பத்தொரு பேருக்கும் சான்றிதழ் வழங்கினேன். பணிநீக்கக் கடிதம் மறுநாள்தான் போக வேண்டும் என்று நிர்வாகத்திடம் வலியுறுத்தியதும் நானே. அந்த மரியாதையையாவது அவர்களுக்குச் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

விழா முடிந்த ஒன்பதாம் வாரம், கேமரா பச்சை காட்டிய ஒரு கொள்கலனுக்குள் யுவராஜ் வழக்கமான வேகத்தில் ஏறினார். மெதுவாக ஏறச் சொல்ல அங்கு யாரும் இல்லை. வலது பக்கப் பலகை உடைந்து வண்டி சாய்ந்தது. அவருக்கு வயது முப்பத்து நான்கு. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் தேவை ஏற்படவில்லை; அங்கேயே உயிர் போயிருந்தது.

நீங்கள் ஆவணங்களைக் கேட்டீர்கள், கொடுத்தேன். கறுத்த ஓரமுள்ள இருநூற்றுப் பன்னிரண்டு படங்களுக்கு அம்புரோஸ் பச்சை அழுத்தியிருந்தார். நேரமும் விரல்பதிவும் இருந்தன. எதையும் நான் திரித்துச் சொல்லவில்லை. ஆவணங்களைக் கொடுப்பதற்கு முந்தைய நாள், அம்புரோஸ் சொன்னதை எழுதிய தாளைக் குறிப்பேட்டிலிருந்து கிழித்து, அலுவலகத்தில் தாள் அரைக்கும் இயந்திரத்தில் போட்டேன். கேட்கப்படாத கேள்விக்கான பதில் அது. அதைப் பொய் என்று சொல்ல முடியாது என்றே இன்றும் கருதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை விசாரணை அமர்வில் நான் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணைப் படித்தபோது யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தேநீர் வந்தது. பின்வரிசையில் மனைவி ஜோசஃபினுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த அம்புரோஸ் எழுந்தார். உட்காருங்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். அவர் உட்காரவில்லை.

"சார், ஒரு மணி நேரமா அந்த மெஷினப் பத்தியே பேசுறீங்க. அதுக்கு சொல்லிக் குடுத்தது யாருன்னு ஒருத்தரும் கேக்கலையே லா. நான் சொல்றேன். நான்தான் சொல்லிக் குடுத்தேன். என்கூட நாப்பது பேரு சொல்லிக் குடுத்தாங்க. பச்சைய மெஷின்ல அமுத்தினேன். மெதுவா ஏறணும்ங்கறத இந்த மேடம்கிட்ட சொன்னேன். அவங்க அத யார்கிட்ட சொன்னாங்கன்னு கேளுங்க."