க்ரிம்ஷா மாவட்டம்

குமாஸ்தா: உயிரோட இருக்கிறவங்க பேரை வைக்கக் கூடாதுங்க. புது மாவட்டம்னா செத்தவங்க பேருதான்.

அம்ப்ரோஸ்: இது என்னய்யா புது உத்தரவு?

குமாஸ்தா: பக்கத்து மாவட்டத்துக்கு ஒரு பெரிய மனுஷன் பேரை வச்சோம். அடுத்த மாசமே குதிரை திருடி மாட்டிக்கிட்டாரு. செத்தவங்கன்னா அந்தப் பயம் இல்ல.

அம்ப்ரோஸ்: நியாயம்தான்.

குமாஸ்தா: நான் தலைநகர் சாக்ரமெண்டோவுக்குக் கெளம்பணும். பேரு கிடைக்கலேன்னா, உங்க சுரங்க முகாமையும் அந்த மாவட்டத்தோடயே சேர்த்துடுவாங்க.

தாடி: குதிரைத் திருடன் மாவட்டத்தோடயா! எழுதுங்கய்யா... எலியாஸ் க்ரிம்ஷா.

அம்ப்ரோஸ்: டேய் தாடி...

தாடி: செத்துட்டாருங்க. பாவம்.

அம்ப்ரோஸ்: ...ஆமாங்க. ரொம்பவே செத்துட்டாரு.

குமாஸ்தா: யாரு அவரு?

தாடி: இந்த ஆத்துல முதல்ல தங்கத்தைக் கண்டவரு. மகான்!

அம்ப்ரோஸ்: குடிச்சிட்டுக் குப்புற விழுந்தாரு. வாயில போன மண்ணைத் துப்பினாரு... மின்னுச்சு.

தாடி: விழல! குனிஞ்சு பார்த்தாரு!

குமாஸ்தா: சரி, சரி. எப்படிச் செத்தாரு?

தாடி: கரடியோட மல்லுக்கட்டி...

அம்ப்ரோஸ்: வயித்துப்போக்குல...

குமாஸ்தா: ரெண்டுல எது?

அம்ப்ரோஸ்: வயித்துப்போக்கு... கரடிக்குங்க. அதான் அதுக்கு அவ்வளவு கோவம்.

குமாஸ்தா: 'வீர மரணம்'னு போட்டுடறேன். ஏன் தாடி, கண்ணைத் தொடைக்கிறீங்க?

தாடி: ஒண்ணுமில்லீங்க. அந்த மாதிரி நல்ல மனுஷன் இனிமே எங்க பொறக்கப் போறான்...

குமாஸ்தா: அவரு தங்கம் தோண்டின குழி?

தாடி: இதோ, நாம நிக்கிற இந்த ஆத்து வளைவுலதாங்க. இப்பவும் சும்மா அள்ள அள்ள வருது!

குமாஸ்தா: அப்போ அது யாருக்கும் சொந்தமில்லாத குழி. செத்தவரு குழியில எவன் முதல்ல மண்வெட்டியைப் போடறானோ, அவனுக்குத்தான? அதான முகாம் வழக்கம்?

அம்ப்ரோஸ்: போட்டாச்சுங்க! இதோ, என் மண்வெட்டி!

தாடி: அடப்பாவி! எடுடா அதை!

அம்ப்ரோஸ்: நீ ஏன்டா குதிக்கிற? செத்தவருக்குத்தான் வேற குழி இருக்கே!

குமாஸ்தா: அதானே. உங்களுக்கு என்ன வந்துச்சு தாடி? க்ரிம்ஷா உங்களுக்கு ஒட்டா, உறவா?

தாடி: நான்தான்யா க்ரிம்ஷா! ...ஐயோ, இருங்க, இருங்க, பேனாவை எடுக்காதீங்க! குழியை இவனே கட்டிக்கிட்டு அழட்டும்... பேரை மட்டும் அடிச்சிடாதீங்கய்யா. நான் செத்தவனாவே இருந்துக்கறேன்.